பொழுதோடு ஒரு சாப்பாடு

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ராஜமதியை முகம் பார்த்து அறிந்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். ஆனால் குரலை அறியாதவர்கள் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸுக்கு ஒரு ட்ரங்க் கால் போட வேண்டுமென்றால், நெல் மண்டிக்காரராக இருந்தாலும் சரி, செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரராக இருந்தாலும் சரி, அவளிடம் வந்துதான் ஆக வேண்டும். "லைன்ல இருங்க" என்பாள். கத்துகிற ஆள் கூட அந்தக் குரலுக்குக் கொஞ்சம் அடங்கிப் போவான்.

கர்வம் பிடித்தவள் என்று அவளைச் சொன்னவர்கள் உண்டு. யாரோடும் ஒட்ட மாட்டாள், யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாள் என்பார்கள். சொன்னவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவள் ஒட்டாமல் இருந்ததற்குக் காரணம் கர்வம் இல்லை, சாப்பாடு. இன்னும் சரியாகச் சொன்னால், சாயங்காலச் சாப்பாடு.

ராஜமதி ஆரணிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். சமணர்கள். பொழுது போய்விட்டால் அவர்கள் வாயில் ஒரு பருக்கை படாது. கண்டிப்பான வீடுகளில் தண்ணீர் கூடக் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டால் வந்து விழுகிற பூச்சி புழுவின் உயிர்ப் பாவம் நம்மைச் சேரும் என்பது அவர்கள் வழி. சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. அம்மா கனகலதாவைக் கூட்டி வந்து திருவூடல் தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சோற்றை முடித்துக்கொள்வார்கள்.

எழுபத்தொன்பதில் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விளக்கு வைத்த பிறகு நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். ராஜமதி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அம்மா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள், வெளியே இருட்டைப் பார்த்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுநாள் விடியும்போது அம்மா இல்லை. அந்த மூடிய வாய் ராஜமதியின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் அண்ணாமலை ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. சூரியன் நாலேமுக்காலுக்கெல்லாம் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் பொழுது போய்விடாது. அதற்கப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும். சூரியனை நம்பினால் மத்தியானச் சோறு செரிப்பதற்குள் ராத்திரிச் சோறு தின்ன வேண்டியதுதான். அதனால் அம்மாவும் மகளும் கடிகாரத்தை நம்பினார்கள். ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஆறுக்குள் எழுந்துவிடலாம். அம்மா போன பிறகும் ராஜமதிக்கு அதே ஐந்தரைதான். எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

முக்கியமாக சரோஜாவுக்கு. லைன் இணைக்கிற போர்டில் பக்கத்தில் உட்காருகிறவள் சரோஜா. பெரிய உடம்பு, பெரிய வாய், அதைவிடப் பெரிய மனசு. சாயங்கால ஷிப்டில் சுவர்க் கடிகாரம் ஐந்தரையைத் தொட்டதும் ராஜமதியின் தோளில் தட்டுவாள். "எழுந்து போடி, உன் டைம் வந்துடுச்சி. போர்டை நான் பாத்துக்கறேன்." ராஜமதி பின்னறைக்குப் போய் டப்பாவைத் திறப்பாள். ராத்திரி எட்டு மணிக்கு சரோஜாவும், கூட வேலை பார்க்கிற திரௌபதியும் ஜோதியம்மாளும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி வாங்கி, சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவார்கள். அப்போது அவர்கள் போர்டையெல்லாம் ராஜமதி பார்த்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு அவள் காதில் மாட்டிய ஹெட்போனையும் மீறிக் கேட்கும். இப்படி ஒருத்திக்கு ஒருத்தி உதவி உதவியே ஒரு நாளும் சேர்ந்து சாப்பிடாமல் போனார்கள்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் செலவில் ஊர் சுற்றப் போகலாம் என்று ஒரு சலுகை இருந்தது. எல்லோரும் காசி, டெல்லி என்று போவார்கள். சரோஜா அந்தமான் என்றாள். "காசிக்குக் கிழவி ஆனப்புறம் போலாம். இப்போ தீவுக்குப் போலாம். கப்பல்ல போயி, மீன் துன்னு, கடல்ல குளிச்சிட்டு வரலாம்."

"நான் வந்து இன்னா பண்றது?" என்றாள் ராஜமதி. "நீங்க மீன் சாப்பிடுவீங்க, நான் முறுக்கு கடிச்சிக்கினு ரூம்ல உக்காரணும்."

சரோஜா அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "அங்க போர்டு இல்லைல்ல ராஜி. ஒரு நாளு உன் டைமுக்கு நாங்க உக்காருவோம். நாலு பேரும் ஒண்ணா, பொழுதோட. நீ துன்றதையே நாங்களும் துன்றோம். இது சத்தியம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராஜமதி பெட்டி கட்டினாள். தீவாம் கடலாம், அதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். எதிரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சாப்பிட வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து கிளம்பினார்கள். கப்பல் ஆட்டிய ஆட்டத்தில் நாலு பேரும் கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்தார்கள். பகலா இரவா என்று கூடத் தெரியவில்லை. ஜோதியம்மாள் அண்ணாமலையாரைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அவர் மலையை விட்டு இறங்கி வந்திருக்க வேண்டும். போர்ட் பிளேரில் இறங்கி லாட்ஜுக்குப் போனதும், தரையும் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டே படுத்தவர்கள் இருட்டிய பிறகுதான் எழுந்தார்கள். ராஜமதி வந்த உடனே இரண்டு வாழைப்பழம் தின்று படுத்துவிட்டாள். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் உடம்பு தெளிந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கார்பின் கோவ் கடற்கரையில் தென்னை மரங்கள் தண்ணீருக்கே வந்து குனிந்து நின்றன. கடல், மெரினாவில் பார்க்கிற கடல் மாதிரி இல்லை. காலை விட்டால் விரல் நகம் தெரிந்தது. சரோஜா புடவையோடு இறங்கி உட்கார்ந்து எழ மாட்டேன் என்றாள். திரௌபதி மடி நிறையச் சிப்பி பொறுக்கினாள். இளநீர் குடித்துவிட்டு வழுக்கையை ஓட்டாலேயே சுரண்டித் தின்றார்கள். மத்தியானம் ஒரு கடையில் மூன்று பேரும் வறுத்த மீனை வெளுத்து வாங்கினார்கள். ராஜமதி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சாயங்காலம் இருக்கிறதே.

சரோஜா அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். பஜாரில் இராமலிங்கம் என்பவர் மெஸ் வைத்திருந்தார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவரிடம் போய் நாலு பேருக்குத் தனியாகச் சமைக்கச் சொல்லிவிட்டாள். ராஜமதி வீட்டு வழக்கப்படி வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகாது. தேங்காய்ப்பால் சாதம், வாழைப்பூ வடை, பரங்கிக்காய்க் கூட்டு, பாயசம். "கரெக்டா அஞ்சரைக்கு இலை போட்டுடணும்" என்று சொல்லி வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வெள்ளைக்காரன் கட்டின பழைய ஜெயிலைச் சுற்றிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, தெருவே மங்கிப் போயிற்று. ஒரு குடைக்குள் இரண்டு பேராக ஓடி மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே பட்டப்பகலிலும் ட்யூப் லைட் எரிகிற கூடம். ஓட்டின் மேல் மழை கொட்டியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. சரோஜா அதைப் பார்த்துவிட்டு, ஏதோ தானே கடிகாரத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி பெருமையாகத் திரும்பினாள்.

ராஜமதி கை கழுவப் பின்பக்கம் போனாள். மழை விட்டிருந்தது. ஆனால் வெளிச்சம் வரவில்லை. தொலைவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் முழுக்க விளக்கு எரிந்தது. அதற்கு மேலே மேகம் விலகிய இடத்தில் ஒரு நட்சத்திரம் நின்றது. 

அண்டாவில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இராமலிங்கத்திடம் கேட்டாள். "மழை விட்டுடுச்சே, கொஞ்சம் வெளிச்சம் வருமாங்க?"

"இனிமே இன்னாம்மா வெளிச்சம்?" என்றார் அவர். "பொழுதுதான் போயிடுச்சே. இங்க அப்படித்தான். நம்ம ஊருல ஆறுக்குப் போற பொழுது இங்க அஞ்சுக்கே போயிடும். தீவு கிழக்கால தள்ளி இருக்குது, கடிகாரம் மட்டும் நம்ம ஊரு கடிகாரம்." சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராஜமதி ஈரக் கையோடு நின்றாள். வயிறு சரியில்லை என்று சொன்னால் போதும். கப்பலில் வந்த உடம்பு, எல்லோரும் நம்புவார்கள். ஆனால் உள்ளே நாலு இலை போட்டாயிற்று. மீனுக்காகவே தீவுக்கு வந்த சரோஜா இன்றைக்கு அதைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு எழுந்து போனால் இன்னொரு நாள் இப்படி உட்காருவார்களா? அம்மாவின் மூடிய வாய் கண்ணெதிரே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே நடந்தாள்.

"வா வா," என்று சரோஜா தனக்கு எதிர் இலையைத் தட்டிக் காட்டினாள். "டைம் பாரு, இன்னும் இருக்குது. உங்கம்மா இருந்தாக் கூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ராஜமதி உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். இரண்டாவது இறங்கியது. அப்புறம் சரோஜா தன் இலையிலிருந்து வாழைப்பூ வடையை எடுத்து அவள் இலையில் போட்டாள். ஜோதியம்மாள் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கித் தின்றாள், திரௌபதி அதைப் பார்த்துச் சிரித்ததில் புரையேறியது. ராஜமதியும் சிரித்தாள். பாவம் செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அம்மா போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். இதை மறைப்பானேன்?

சாப்பிட்டுத் தெருவில் இறங்கினார்கள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, முழுக்க நட்சத்திரம். சரோஜா நடந்தவள் நின்றாள். கைக்கடிகாரத்தைத் தெரு விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஆறு இன்னும் அடிக்கவில்லை.

"இன்னாடி இது, இப்படி இருட்டியிருக்குது," என்றவள், அப்புறம் மெதுவாக ராஜமதி பக்கம் திரும்பினாள். "எப்போ இருட்டிச்சி?"

ராஜமதி முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"கை கழுவப் போனியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"நீங்க மீனு வேணாம்னு உக்காந்திருந்தீங்க," என்றாள் ராஜமதி.

"உன் விரதத்தை நானே கெடுத்துட்டேனேடி," என்றாள் சரோஜா. ராஜமதியின் கையைப் பிடித்திருந்தவள், தொடக்கூடாததைத் தொட்டவள் மாதிரி விட்டுவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது சரோஜா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று ராஜமதிக்குப் பயம். சொல்லாமலே லாட்ஜுக்கு நடந்தாள். மறுநாள் முழுக்கப் பட்டினி இருந்து தனக்குத் தெரிந்த பரிகாரத்தைச் செய்துகொண்டாள். மிச்ச நாட்களில் தோழிகள் அவளை மூன்று மணிக்கே சாப்பிடச் சொல்லிவிட்டு, விளக்கு வைத்த பிறகு நண்டும் மீனும் சாப்பிடப் போனார்கள். போகும்போது வாசலில் நின்று, "வரட்டுமா ராஜி" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அந்த மரியாதைதான் அவளால் தாங்க முடியவில்லை.

ஊர் திரும்பினார்கள். எக்ஸ்சேஞ்சில் எல்லாம் பழையபடி, ஒன்றைத் தவிர. சரோஜா இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறாள். சூரியன் அதன் தோளைத் தொட்டதும் பதறி எழுந்து வந்துவிடுவாள்.

"போ ராஜி, பொழுது சாயுது."

"மணி நாலேமுக்கால்தான் ஆவுது."

"மணியை நம்பாதே. ஒரு தடவை நம்பினது போதும். நீ போ."

ராஜமதி போவாள். பசியே இருக்காது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போர்டு அறையிலிருந்து வரும் சரோஜாவின் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். அந்த மூன்று பேரும் எட்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிடுவதும் நிற்கவில்லை, ஆனால் அவள் காதில் விழக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சரோஜாவுக்கு வேலூருக்கு மாற்றல் வரும் வரைக்கும் இப்படியே போயிற்று. வா ராஜி, ஒருநாள் ஒண்ணா உக்காரலாம் என்று அவள் திரும்பக் கேட்கவே இல்லை. பாவம், தான் ஒரு பாவம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு போனாள்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால், நடு இருட்டாக இருந்தாலும் ராஜமதி போயிருப்பாள். இதை யாரிடம் சொல்வது? சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பாள். வெளியே வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.