படகுப் பலகை எரிந்த காலை

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. நான்கே முக்காலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் மூன்று. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். மழை விட்டிருந்தது, ஆனால் காயல் பக்கம் வானம் கறுத்தே கிடந்தது. ஐந்தரைக்குக் காப்பி. பிறகு மகளின் அறைக் கதவை மெதுவாகத் திறந்து, அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு மூடினேன். ஆலுவாவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். ஏழாம் மாதம், அன்று பத்தரைக்கு வளைகாப்பு. முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு தேதியையும் காலண்டரில் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சமைக்க வரும் மாமா ஆறு மணிக்கு வந்தார். பின்முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, வெண்கல உருளியை ஏற்றினார். மற்றதெல்லாம் உள்ளே காஸ் அடுப்பில் ஆகும். இடித்துப் பிழிந்த பாயசத்துக்கு மட்டும் அவருக்கு விறகுதான் வேண்டும். இரண்டு வார மழையில் விறகுக் கடையில் எல்லாமே நனைந்துவிட்டதால், தோப்பும்படியில் பழைய மீன்பிடிப் படகை உடைத்த இடத்திலிருந்து என் கணவர் ஆட்டோவில் பலகை கொண்டுவந்திருந்தார். கொட்டகைக்குள் கிடந்து நன்றாகக் காய்ந்தது. கடலில் கிடந்த மரம், பாயசத்துக்கு உப்பு தனியாகப் போட வேண்டாம் என்று வேறு சிரித்தார்.

பலகையைச் சரிபார்த்தது நான். நாற்பத்தொரு ஆணி பிடுங்கி டப்பாவில் போட்டேன். ஒரு பக்கம் செங்கல் நிறத்தில் பழைய பூச்சு இருந்தது. சிப்பி ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. சுத்தமான பலகை என்றுதான் அதைப் பார்த்து நினைத்தேன்.

ஏழு பத்துக்கு மகள் எழுந்து வந்தாள். வெல்லம் உருகும் வாசனை பிடித்திருக்கிறது என்று பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படிக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். காற்று அவள் பக்கம் வீசியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு முப்பத்தைந்துக்குத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டு போனேன். தீயின் ஓரம் மயில் கழுத்துப் பச்சையாக எரிந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். செம்பு உப்பைத் தீயில் காட்டினால் வரும் நிறம் அது. படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பூச்சில் செம்பு உண்டு. ஒட்ட வரும் சிப்பிக்கு அது விஷம்.

மகளை உள்ளே போய்க் குளிக்கச் சொன்னேன். அவள் போகிறவரை காத்திருந்து, பலகைகளை இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். மாமா கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன மாமி இது, பாதிக் கொதியிலே?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் உருளிக்குள் பார்த்தார்.

"சாரமில்லை மாமி, ஒண்ணும் ஆகாது. தீக்குத் தோஷம் கிடையாது."

"தீக்குக் கிடையாது மாமா. இந்தப் புகைக்கு உண்டு."

நைவேத்தியம் ஆகாததால் யாரும் ஒரு சொட்டுக்கூட ருசி பார்த்திருக்கவில்லை. பாயசத்தை வாழைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிக் கொட்டினோம். மங்கள காரியத்துக்கு வைத்ததைக் கொட்டும்படி ஆயிற்றே என்று மாமா மாற்றுப் பாயசத்துக்குச் சேமியா வறுத்து முடிக்கிறவரை முணுமுணுத்தார். பாயசத்தைக் கொட்டிவிடலாம். இருபத்தைந்து நிமிடம் அவள் இழுத்த மூச்சை என்ன செய்வது?

மகள் குளித்து வந்த பிறகு, அவள் காதில் விழாமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். திறந்த இடம், கொஞ்ச நேரம்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தையின் அசைவை எண்ணச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் உடனே அழைத்து வர வேண்டும். அந்தப் "பெரும்பாலும்" நாள் முழுவதும் காதிலேயே இருந்தது.

வளையல் அடுக்கினார்கள், பாடினார்கள். நான் அவள் புடவை மடிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏம்மா என் வயத்தையே பாத்துண்டிருக்கே? உன் கண்ணே பட்டுடும் போலருக்கு," என்றாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் போனதும் அவளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காரணத்தைச் சொன்னேன். அவள் வளையல் சத்தம் கேட்காமல் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் கோடு போட்டேன். நாலு மணிக்கு ஆறு. பிறகு இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. என் கணவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பத்தாவது. அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மிச்சப் பலகையை எல்லாம் தெருப்பக்கம் கொண்டுபோய், யாரும் எரிக்கக் கூடாது என்று மலையாளத்தில் எழுதிக் கட்டினார்.

திங்கட்கிழமை காலை நான்கே முக்காலுக்கு எழுந்தேன். பால் எடுக்கப் போகவில்லை, பல்லும் தேய்க்கவில்லை. நேரே மகளின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவள் வயிற்றின் மேல் வைத்தேன். நான்கு ஐம்பத்தெட்டுக்கு ஒரு உதை.

"பதினொண்ணுன்னு எழுதிக்கோ," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நான் தேதி போட்டு, ஒன்று என்று எழுதினேன்.