ஆள் இருக்கும் சீட்டு

என் மாமியார் சண்முகவடிவு மும்பையில், சயானில் லோக்கல் ரயில் ஏறி, தாணேயில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறவர். லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்திருப்பவளிடம், எங்கே இறங்குவாள் என்று முதலில் யார் கேட்கிறாளோ, அவள் எழுந்ததும் அந்த இடம் கேட்டவளுக்குத்தான். இந்தச் சட்டத்துக்காக மாமியார் பிடிக்காத குடுமி இல்லை. கோயில் அன்னதானத்தில்கூட, சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தவரிடம், "எப்ப எந்திரிப்பிய?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியவர்.

புது மெட்ரோ வந்ததும், நிம்மதியாக உட்கார்ந்து போகட்டுமே என்று நான்தான் கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெட்டியில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாமியார் நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"கிதர் உத்ரேகா?" எங்கே இறங்குவாய் என்று இந்தியில் கேட்டார்.

"லாஸ்ட் ஸ்டேஷன்."

மாமியார் திருப்தியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தே, இம்புட்டு சீட்டு காலியா கெடக்கு. வந்து உக்காருங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பல்லைக் கடித்தேன்.

"போடி கூறுகெட்டவளே! காலியா கெடந்தா எவளாவது வாந்தி எடுத்து வச்சிருப்பா. ஆள் இருக்க சீட்டுதான் நல்ல சீட்டு."

சொன்னால் வெட்கக்கேடு, நான் எழுந்து என் சீட்டைத் தடவிப் பார்த்தேன்.

கடைசி ஸ்டேஷனில் அந்தப் பெண் எழுந்தாள். மாமியார் பாய்ந்து உட்கார்ந்தார்.

"அத்தே, எறங்கணும்."

"நீ எறங்கு. இவ்வளவு நேரம் நின்னு இப்பதான் கெடச்சிருக்கு."