அண்ணைக்குக் கேட்காத உரசல்

பிள்ளைகளே, நீங்கள் ஒன்று கேட்க என் அண்ணை, உங்கள் பெரியப்பா, வேறொன்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஒரு ஸ்பீக்கரைத் திருத்துவதா மாற்றுவதா என்று நான் தவித்த நாளை நீங்கள் அறிய வேண்டும்.

சுன்னாகத்தில் எங்கள் ஒலிபெருக்கிக் கடையில் ஸ்பீக்கருக்குள் எரிந்த கம்பிச் சுருள்களை, அதாவது கொயில்களை, மாற்றிவந்தவர் அண்ணைதான். கொயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே இடைவெளி சரியாக நிற்கப் பழைய எக்ஸ்றே படத்தை நறுக்கிச் செருகுவார். பசை காய்ந்ததும் அந்தத் துண்டுகளை உருவிவிட்டு, இரண்டு பெருவிரல்களாலும் கடதாசிக் கூம்பை மெல்ல அமுக்கிக் காதைக் கொடுப்பார். கொயில் மயிரளவு சரிந்து உரசினாலும் அந்தக் காது முன்பெல்லாம் பிடித்துவிடும்.

அன்றைக்கு அந்தக் காது பிடிக்கவில்லை. மறுநாள் காலை கோயில் கொடியேற்றம். அதற்குக் கட்டும் ஸ்பீக்கரை மூன்றாவது முறையாகத் திருத்திப் பாட்டுப் போட்டார். மணலை அரைப்பதுபோல உரசியது. அண்ணையின் முகத்திலோ சந்தோஷம்.

“மணி மாதிரிக் கிடக்கு. என்ன தம்பி?”

முந்தின வெள்ளிக்கிழமைப் பூசையில்தான் எங்கள் ஸ்பீக்கர் உரசியதைக் கோயில் மனேச்சர் எல்லோர் முன்னாலும் பகிடி பண்ணிக் கேட்டிருந்தார்: “தேவாரத்துக்கு நடுவிலை ஆர் ஐசே தேங்காய் திருவுறது?” அண்ணையும் சேர்ந்து சிரித்தார். மனேச்சர் சொன்னதே அவருக்குக் கேட்டிருக்காது.

“அண்ணை, புதுசு ஒண்டு போடுவமே?”

“ஏன், என்ரை வேலையிலை என்ன குறை?”

குறை காதில் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் நாளைக்கு ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தினேன். பழையதைக் களவெடுத்தவன்போலச் சாக்கில் சுற்றி ஒளித்தேன்.

கொடியேற்றத்தில் சத்தம் சுத்தமாக வந்தது. மனேச்சர் அண்ணையின் தோளில் தட்டினார். அண்ணை பெருமையோடு பெட்டியின் மேல் கையை வைத்தார். கை அப்படியே நின்றது. காது விட்ட மாற்றத்தைப் பெட்டியின் அதிர்வில் கை பிடித்துவிட்டது.

“இது நான் திருத்தினது இல்லை,” என்றார். பிறகு, “என்ரை காது இப்பிடி எண்டு எவ்வளவு காலமாய் உனக்குத் தெரியும்?”

நான் மெல்லச் சொன்ன பதில் மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே போய்க் கத்த வேண்டியதாயிற்று: “ஒரு வருசம், அண்ணை!” சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வயர்களை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். இன்றுவரை கடைப்படி மிதிக்கவில்லை.

அன்று பின்னேரம் கடைக்கதவை உள்ளே பூட்டினேன். அவருக்குக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்க்க இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு அவருடைய கதிரையில் இருந்தேன். வெளியே பஸ் போனது. யன்னல் கண்ணாடி நடுங்கியது மட்டும் தெரிந்தது.