பியாட்ரிஸ் அக்காவின் சாய்கோடு

மின்விசிறியைத் தன் முகத்திலிருந்து மடிக்கணினியின் முகத்துக்குத் திருப்பி வைக்கிறார் பியாட்ரிஸ் அக்கா. மலேசியாவில் எங்கள் ஜெராமில் தொடங்கிச் செவ்வாய்க் கிரகம் வரை தேடினாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு இப்படிப் பணிவிடை செய்கிற ஆள் கிடைக்காது. ராக்கெட் விடுகிறவர்கள் இவருடைய நம்பர் தெரியாமல்தான் இன்னும் வெடிக்க விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பகலில் அக்காவுக்குச் செம்பனை ஆலையில் பழ லோரிகளை எடை போடும் வேலை. சாயங்காலம் வீட்டு வாசலில் வேறு வேலை. கணினியை இயக்கும் மென்பொருளின் இன்னும் வெளிவராத பதிப்பை, பென்டிரைவில் ஏற்றிப் பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்ப்பார். அது ஓடாமல் பாதியில் விழுந்தால் அக்காவின் முகம் மலரும். விழுந்த இடத்தைப் போனில் படம் பிடித்து, அதை உருவாக்குகிறவர்களுக்கு எழுதிப் போடுவார். சம்பளம் கிடையாது.

"வெளிய வந்தப்புறம் விழுந்தா ஜனங்க அதைத் திட்டாதுலா. நமக்குத்தான் தெரியலன்னு தன்னையே திட்டிக்கும்" என்பார்.

நான் பக்கத்து வீடு. படிவம் நான்கில் பள்ளியும் நானும் பேசிவைத்துப் பிரிந்துவிட்டோம். என் கணினியில் கேம் ஆடுவதும், அக்கா பாலில்லாத் தே ஓ கலக்க உள்ளே போனால் பென்டிரைவை ஒளித்து வைப்பதும்தான் இப்போது என் தொழில். "டேய் லோகேஸு, குடுத்துரு. ஒங்கம்மாகிட்டலாம் சொல்ல மாட்டேன், நானே அறைஞ்சிருவேன்."

போன வாரம் ஒரு கூத்து. பெயர் கேட்கும் இடத்தில் அக்கா எப்போதும் 'டெஸ்ட்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று என்னவோ, அடையாள அட்டை ஐசியில் உள்ளபடி முழுசாக அடித்தார்: பியாட்ரிஸ் ஏ/பி அந்தோனி. எங்கே பெயர் கேட்டாலும் ஏ/பி, அதாவது இன்னார் மகள், ஏ/எல், அதாவது இன்னார் மகன் என்று போடாமல் நம் ஊர்க்காரர்களுக்குக் கை நிற்காது. திரை கறுத்தது. மறுபடி அடித்தார், மறுபடி கறுத்தது. நடுவில் உள்ள சாய்கோட்டை எடுத்தார். சமர்த்தாக ஓடியது.

"கோட்டை எடுத்துட்டாப் போச்சு, விடுங்கக்கா."

"எங்கப்பா கைய விட்டுட்டுத்தான் உள்ள வரணுமா? நீயும் ஏ/எல்தானடா. நாளைக்கு ஒனக்கும் இதே கதைதான்."

எழுதிப் போட்டார். பதில் வந்தது: எங்களிடம் அப்படி நடக்கவில்லை. வேறொருவரும் உறுதி செய்யாவிட்டால் ஞாயிறன்று இந்தப் புகாரை மூடிவிட்டுப் பதிப்பை வெளியிடுவோம்.

அக்கா தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். யார் தன் கணினியைத் துடைத்துவிட்டு வெளிவராத ஒன்றைப் போடுவார்கள்? "வைரஸு ஏதும் வந்துருமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார் முகுந்தன் மாமா. சனிக்கிழமை அக்கா மடிக்கணினியைத் திறக்கவில்லை. பென்டிரைவைக்கூடத் தேடவில்லை. மின்விசிறி அவருக்கே சுற்றியது. பார்க்கவே நன்றாக இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், மூடிவிட்டார்களா என்று போனில் பார்த்தார். 'டத்தோ தவளை' என்ற பட்டப்பெயரில் யாரோ எழுதியிருந்தான்: "எனக்கும் அதேதான். ஏ/எல் போட்டதும் கறுத்துவிட்டது." கறுத்த திரையின் படமும் வைத்திருந்தான். கீழே உருவாக்குகிறவர்களின் பதில்: திருத்துகிறோம், அதுவரை வெளியீடு நிற்கும்.

அக்கா போட்ட சத்தத்தில் கோழிகள் வேலி தாண்டின. "யாருடா இந்தப் புண்ணியவான்?"

"தெரியலக்கா. உலகம் பெருசு."

அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கறுத்த திரை கண்ணாடி மாதிரி. அதில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை வாராத ஒரு மூஞ்சி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒன் கேமெல்லாம் போச்சாடா?"

நான் செம்பனை மரங்களைப் பார்த்தேன். அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, போனை என் கன்னத்தோடு ஒட்டி வைத்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.