வெட்டிய பெயரைத் திரும்ப எழுதிய அப்பா

எங்கள் அப்பா எங்களோடு இல்லாத முதல் ஆண்டு முடிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் அப்பாவை உறவினராக அறிவீர்கள். சிலர் அலுவலக நண்பராக. சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்காருபவராக. மூத்த மகளாக நான் அறிந்ததை எழுதுகிறேன். அப்பாவுக்குப் பெருமை தராத ஒரு செய்தியும் இதில் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஏனாத்தூருக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். அரசு விடுதியில் தங்கிப் படித்தார். தேர்வெழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, எங்கள் வம்சத்திலேயே அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்த வேலையின் மேல் அவருக்கு மரியாதை உண்டு, பயமும் உண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அக்கம்பக்கத்தில் தறிச் சத்தம் தொடங்கும் முன்பே அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்திருப்பார்.

வருவாய் ஆய்வாளர் ஆனபின் ஊருக்கு வெளியே இருந்த இலங்கைத் தமிழர் முகாமுக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். மாநில அரசு அவர்களுக்குத் தங்க இடமும் அரிசியும் மாதாந்திர உதவியும் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவந்தது. அவை உரியவர்களுக்குப் போய்ச் சேர்வதைப் பார்ப்பது அப்பாவின் வேலை. குறித்த நாளில் 'செக்கிங்' நடக்கும். அட்டையோடு எல்லாரும் வரிசையில் நிற்க, அப்பா பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வெளியூர் போவதென்றால் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போனால் பெயர் போய்விடும்.

ஒரு செக்கிங்கில் புஷ்பராணி என்ற பெயரை அப்பா மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. புஷ்பராணி அம்மா மன்னாரிலிருந்து வந்தவர், கணவரை இழந்தவர். ஒரே மகளை வேறு மாவட்டத்து முகாமில் கட்டிக்கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் முன்னால் வந்து, "மகளுக்கு மாசம் நிறைய முந்தியே பிள்ளைவலி வந்திட்டுது சேர். நேற்று ஞாயிறு, ஒப்பீஸ் பூட்டு. விடியவே பஸ் ஏறிப் போயிட்டா" என்று சொல்லியிருக்கிறார். மேலதிகாரி அன்று பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிவப்பு மையால் அந்தப் பெயரை வெட்டினார்.

பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்த புஷ்பராணி அம்மாவுக்கு அரிசியும் இல்லை, உதவியும் இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது நான்தான். அப்பா வாசலுக்கு வந்தார்.

"சேர், நீங்கள் வெட்டினது பிழையெண்டு சண்டை பிடிக்க நான் வரேல்லை. அண்டைக்கு நான் அங்க இல்லைத்தான். ஆனா இப்ப உங்களுக்கு முன்னால நிக்கிறன். நிக்கிற ஆளை இல்லையெண்டு எப்பிடி எழுதுறது?"

"ஒருதரம் எடுத்த பேரை நானா சேக்க முடியாதும்மா. மெட்ராஸ்ல இருந்து ஆர்டர் வரணும்" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அம்மா, "ஆர்டர் வரணும்னா எழுதிப் போடுங்க. அவங்க வெயில்ல நின்னுக்கினு இருக்காங்க, மொதல்ல உள்ள கூப்புடுங்க" என்றார்.

எழுதுவதில்தான் சிக்கல் இருந்தது. பெயரை ஏன் நீக்கினீர்கள் என்ற கேள்விக்கு அப்பா பதில் எழுத வேண்டும். உடன் வேலை பார்த்த நண்பர் வீட்டுக்கே வந்து வழி சொன்னார்: "சார், 'சொல்லாம போய்ட்டாங்க, கருணை காட்டலாம்'னு எழுதிடுங்க. முடிஞ்சிது. உங்க மேல ஒண்ணும் வராது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினார். புஷ்பராணி வெளியூர் சென்ற காரணம் அன்றே தமக்குச் சொல்லப்பட்டது என்றும், அதைப் பதிவு செய்யாமல் பெயரை நீக்கியது தம் தவறு என்றும் அதில் இருந்தது.

அம்மாவுக்குப் பயம். "வேலைக்கு ஏதாச்சும் வந்துடுமா?" என்று கேட்டார்.

"வரலாம்மா. ஆனா அந்தப் பொண்ணு சொன்னதை நான் காதால கேட்டேன். கேக்கலைன்னு எப்படி எழுதுவேன்?"

மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அப்பாவுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். ஆணை வர எட்டு மாதம் ஆயிற்று. இடையில் அப்பா விடுப்பு போட்டுவிட்டு, புஷ்பராணி அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு முறை சென்னை அலுவலகத்துக்குப் போய்வந்தார். அந்த எட்டு மாதமும் புஷ்பராணி அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துத்தான் சாப்பிட்டார். முகாம்வாசிகள் தங்கள் அரிசியில் பங்கு கொடுத்தார்கள். ஆணை வந்த அன்று அப்பா அந்தப் பெயரைப் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு செக்கிங்குக்கு முந்தின நாள் முகாமில் வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயம் முடிந்து நாங்கள் வருவதற்குள் அனுமதி கேட்கும் கடிதத்தோடு இரண்டு பேராவது வாசலில் காத்திருப்பார்கள். அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மா டீ போடுவார்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் அரசு பழைய தகர அறைகளை இடித்துப் புதிய வீடுகள் கட்டியது. பதிவேட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் வீடு. புஷ்பராணி அம்மாவுக்கும் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோகும் குடிபூரலுக்கு அவரே நேரில் வந்து அழைத்தார். அப்பா தயங்கினார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போறது?" என்றார். நான்தான் ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவர் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சேர், அந்த எட்டு மாசத்தை நான் மறக்கேல்லை. பொய் சொல்ல மாட்டன். பிறகு நீங்கள் எழுதினதையும் மறக்கேல்லை."

அப்பா அந்த டீயை மெல்லக் குடித்து முடித்தார். அன்றைய பிரசவத்தில் பிறந்த பேத்தி இப்போது அரசு உதவியோடு கல்லூரியில் படிக்கிறாள் என்று கேட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. திரும்பும் வழி முழுக்க அவள் என்ன பாடம் படிக்கிறாள் என்றே பேசிக்கொண்டு வந்தார்.

பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் கிடந்த பத்தொன்பது நாளில் அப்பாவுக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பவில்லை. தினமும் பஸ் மாறி வந்து, அம்மா குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரும்வரை கட்டிலருகே இருந்தவர் புஷ்பராணி அம்மா. கடைசி நாளன்றும் அவர்தான் அப்பாவின் வாயைத் துணியால் துடைத்துவிட்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், துக்கம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெரு நெசவாளர் குடும்பங்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், கல்லறைவரை நடந்து வந்த முகாம் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் புஷ்பராணி அம்மாவிடம் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்கோ பிள்ளை. வெட்டினவர் எண்டும் போடுங்கோ, எழுதினவர் எண்டும் போடுங்கோ. ரெண்டும் அவர்தான்."

அப்படியே போட்டிருக்கிறேன். அவருக்கும் எங்கள் நன்றி.