அயனி மூட்டிலிருந்து பதினாலு தப்படி

என் வரைபடங்களின் இடது மூலையில் எப்போதும் என் கட்டைவிரல் இருக்கும். பழைய நோட்டுத் தாளில் பேனாவால் வரைந்து, தாள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் போனில் படம் எடுத்து இணைய ஃபோரம் ஒன்றில் போடுவேன். அந்த ஃபோரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள். வீட்டில் கிடக்கும் பழைய போட்டோவை ஏற்றி, "இது எந்த இடம், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார்கள். நான் வழி வரைந்து போடுவேன். "கட்டைவிரல் அண்ணாச்சி வந்தாச்சு" என்று யாராவது கேலியாக எழுதுவார்கள். எனக்கு அது பொன்னாடை போர்த்திய மாதிரி இருக்கும்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க மின்மீட்டர் ரீடிங் எடுத்தவன். திருவட்டாறைச் சுற்றி எந்த வீட்டு வளவில் எந்த நாய் கடிக்கும், எந்த வேலியில் நுழைந்தால் அடுத்த வீட்டுக்குக் குறுக்குவழி என்பதெல்லாம் அத்துபடி. ஓய்வு பெற்ற மறுநாளே இந்த அறிவெல்லாம் காலணாவுக்குப் பெறாது என்று ஆகிவிட்டது. ஃபோரத்தில் மட்டும்தான் அதற்கு மதிப்பு இருந்தது.

ஒருநாள் பூனாவில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தாள். மண்மேடு, மரச் சிலுவை, பின்னால் பெரிய அயனி மரம், ஓரத்தில் ஒரு பாறை. அப்பாவின் கல்லறை என்றும், அவர் இறந்தபோது தனக்கு ஆறு வயது என்றும், பிறகு நிலத்தை விற்றுவிட்டு அம்மாவோடு வடக்கே போய்விட்டதாகவும் எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இறந்தவரைச் சொந்த வளவிலேயே அடக்குவதுண்டு. நிலத்தை விற்கும்போது 'கல்லறை நீங்கலாக' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். வரிக்கு யார் வேலி போடுகிறார்கள்?

அந்தப் பாறையை எனக்குத் தெரியும். அதன்மேல் உட்கார்ந்து எத்தனையோ தடவை ரீடிங் எழுதியிருக்கிறேன். அன்றே போனேன். சிலுவை மக்கிப் போயிருந்தது. மேடும் மூன்று செங்கற்களும் இருந்தன. அயனி மூட்டிலிருந்து, அதாவது அடிமரத்திலிருந்து, மேற்கே பதினாலு தப்படி, பாறையிலிருந்து தெற்கே ஒன்பது. வரைந்து போட்டேன். அவள் அழுதுவிட்டதாக எழுதினாள். துபாயில் இருந்த ஒரு பையன், "அண்ணாச்சி, போன்ல லொகேஷன் எடுத்துப் போட்டா சோலி முடிஞ்சில்லா?" என்று கேட்டான். "சாட்டிலைட்டுக்கு அயனி மூடு தெரியுமாலே?" என்று பதில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் வழி சொல்வதே மர மூடுகளை வைத்துத்தான். புளிமூடு, ஆலமூடு, வேப்பமூடு என்று பஸ் நிற்கும் இடத்துக்கே அதுதான் பெயர். இறங்கிப் பார்த்தால் அங்கே எந்த மரமும் இருக்காது. இது தெரிந்தும் நான் மரத்தை நம்பினேன்.

நான்கு வருடம் கழித்து அவள் மறுபடி எழுதினாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. சாகும் முன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். செத்தால் கணவர் பக்கத்தில்தான் அடக்க வேண்டுமாம். "அண்ணா, இடம் அப்படியே இருக்கிறதா? நம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா?"

எனக்கு அப்போது முட்டுவலி. போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அப்படியே இருக்கு. தைரியமாக வாங்க" என்று எழுதினேன். இவ்வளவு தூரம் எழுதியதே இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ளத்தான்.

நாகர்கோவிலில் ரயில் இறங்கி, கார் பிடித்து வந்தார்கள். அவள் கையில் என் வரைபடம் இருந்தது. லேமினேஷன் செய்து வைத்திருந்தாள், என் கட்டைவிரலோடு சேர்த்து. நான் முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினேன். இறங்கிப் பார்த்தால் அயனி இல்லை, பாறை இல்லை, மேடும் இல்லை. வரிசை வரிசையாக இளம் ரப்பர் நின்றது.

நிலத்தை வாங்கியிருந்த தோட்டக்காரர் வந்தார். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அயனி தச்சு வேலைக்கு நல்ல தடியில்லியா சாரே. எனக்கு வித்தவரு அதுக்கு முன்னாலயே முறிச்சு வித்துட்டாரு. பெறவு பாறைய ஒடச்சு, ஜேசிபி விட்டு மேட்ட ரெண்டாள் ஆழத்துக்குத் தட்டி மட்டமாக்கினாவ. மண்ணு அவ்வளவும் லாரியில ரோட்டு வேலைக்குப் போச்சு."

"அப்போ கல்லறை?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பத்திரத்துல உண்டு. எங்கனண்ணு நீங்க காட்டுங்கோ, அந்த எடத்த நான் விட்டுத் தாறேன்."

அதற்குள் அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்துவிட்டாள். கிழவி மூச்சு வாங்க என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கன மக்கா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். அதற்குப் பதிலாக நான் நடந்தேன். இல்லாத மரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, பதினாலு தப்படி வைத்து, இரண்டு ரப்பருக்கு நடுவில் நின்றேன். "இங்கனதான் அம்மா" என்றேன். தோட்டக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கிழவி உற்றுப் பார்த்தாள். "அவரு மேட்டுலல்லா கெடந்தாரு. இது பள்ளமாட்டு இருக்கே?"

"மேல உள்ள மண்ண எடுத்துட்டாவ அம்மா. எடம் இதுதான்."

நம்பிவிட்டாள். மெல்ல உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு மகளிடம், "ஏட்டி, என்னையும் இங்கனயே வச்சிரு. அவருக்க எடது பக்கம்" என்றாள்.

அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். திரும்பும் வழியில் சாயா குடிக்க நிறுத்தியபோது மகள் தனியாகத்தான் நின்றாள். அவள் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஃபோரம் இருந்தது. பொய் சொல்ல அரை நிமிடம் போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்ல ஆறு மாதம் கிடைத்தும் போதவில்லை.

ஆறாம் மாதம் கிழவியின் உடலோடு ஆம்புலன்ஸ் வந்தது. நான் இல்லாமல் இடம் தெரியாது என்று மகள் போனில் கெஞ்சியதால் போனேன். குழி வெட்டுகிறவர் நான் காட்டிய இடத்துக்கு இடது பக்கம் மண்வெட்டியை வைத்தார். ஒரு பழைய பலகைத் துண்டு, ஒரு எலும்பு, ஏதாவது தட்டுப்படாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக முழுமனதோடு ஜெபித்தேன். சுத்தமான செம்மண்தான் வந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மண்ணு சாரே. இதுவரைக்கும் யாரும் தொடாத மண்ணு" என்றார். பக்கத்தில் நின்ற மகள் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையசைத்தாள். போதகர் ஜெபம் செய்தார். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

மறுவாரம் அவளே ஒரு வரைபடம் போட்டாள். நோட்டுத் தாள், பேனாக் கோடு, தோட்டக்காரரின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணிய தப்படிகள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலுவை. மூலையில் அவளுடைய கட்டைவிரல். கீழே, "அப்பாவும் அம்மாவும். இனி யாருக்கும் வழி தப்பாது. கட்டைவிரல் அண்ணாவுக்கு நன்றி" என்று எழுதியிருந்தாள். பாராட்டு வந்து குவிந்தது. 'அங்கே அப்பா இல்லை' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் அழித்தேன்.

இப்போது நான் எதுவும் வரைவதில்லை. பஸ்ஸில் போகும்போது புதிதாகப் போட்ட ரோடு வந்தால் கால் தானாகவே தரையைவிட்டு எழும்புகிறது. அவர் எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கிழவி கிடக்கும் இடம் தெரியும். பக்கத்தில் அவர் இருக்கிறார் என்று நம்பி, யாரோ ஒருவரின் ரப்பருக்கு நடுவில் தனியாகக் கிடக்கிறாள்.