பெயர் வைக்காத நத்தை

அக்கா விருதுநகரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. விடுமுறை வந்தால் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குப் போய், கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்கி வருவாள். மச்சானுக்குச் சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. அச்சு விலகியதால் கழித்த தீப்பெட்டிகளை அவரிடம் வாங்கி, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு, எந்தச் சுரங்கம், எந்த மண்ணடுக்கு என்று அடியில் பென்சிலால் எழுதிவைப்பாள்.

அவற்றில் சுண்டுவிரல் நகமளவு நத்தை ஒன்று. அந்த வகை நத்தைகளுக்கு வாயோரத்தில் ஒரு மடிப்புதான் இருக்கும்; இதற்கு இரண்டு. படங்களைப் பார்த்த சென்னை நிபுணர், இதுவரை யாரும் பதிவு செய்யாத இனமாகத் தெரிகிறது, கிடைத்த இடத்தையும் அடுக்கையும் எழுதுங்கள், அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்றார். பெயர் அக்கா வைக்கலாம். என்ன பெயர் என்று கேட்டால் சிரிப்பாள்.

விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போயிருந்தவள் திரும்பிய அன்று, நாளிதழில் வேலைபார்க்கும் நானும் அங்கே இருந்தேன். மச்சான் பீரோவைத் திறந்து காட்டினார். பட்டாசு கிஃப்ட் பெட்டியில் கட்டம் கட்டமாக நத்தைகள். எல்லாம் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளத்தன.

"நம்ம கம்பெனி பொம்பளையாளுகதான் அடுக்குனாக. பெருசு மேல, சிறுசு கீழ. எப்படி?"

"பழைய பெட்டியெல்லாம் எங்கங்க?"

"அந்தக் கழிசடையா? கரையான் அரிச்சுக் கெடந்துச்சு. கழிவு அட்டை லோடுல ஏத்தி விட்டுட்டேன்."

அக்கா இரண்டு மடிப்பு நத்தையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்த மண்கூட இல்லை.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள்.

மச்சான் போனபின் கேட்டேன்: "எங்க எடுத்ததுன்னு நெனப்பிருக்கும்ல? அதை எழுதிரு."

"ரெண்டு குழியில ஒண்ணு. எதுன்னு தெரியலை. ஏலே, வெடிவிபத்து எந்த ஊர்லன்னு தெரியாம நீ பேப்பர்ல போட்ருக்கியா?"

போட்டதில்லை. எம். புதுப்பட்டியா, வெம்பக்கோட்டையா என்று உறுதியாகும்வரை பக்கத்தை நிறுத்திவைத்த நாட்கள் உண்டு.

அந்த இரண்டு குழிகளிலும் இப்போது தண்ணீர் நிற்கிறது. இன்னொரு நத்தை கிடைக்க வழியில்லை. சென்னைக்கு அவள் பதில் எழுதவில்லை.

தீபாவளி சீசனில் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் மச்சான் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். போன மாதம் என்னிடம் சொன்னார்: "உங்கக்கா இன்னும் அதுக்குப் பேரு வைக்கலை மாப்ள. பஞ்சாங்கம் பாக்கா போல."

டீ கொண்டுவந்த அக்கா, "நல்ல நாள் வரட்டும்னு இருக்கேன்" என்று சொல்லிப் பெட்டியை மூடினாள்.